கட்டிலும் நடையும்: மூட்டு, முதுகெலும்புத் தேய்மான மருத்துவ வரலாறு

1908ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லா சப்பேல்-ஓ-செயின் என்னும் சிற்றூரின் அருகே, குகையொன்றில் பழங்கால மனிதன் ஒருவனின் எலும்புக்கூடு கிடைத்தது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நியாண்டர்தால் இனத்தைச் சேர்ந்தவன் அவன். அவ்வெலும்புகளை ஆராய்ந்த மார்சலின் பூல் என்னும் அறிஞர், முழங்கால் மடங்கி, முதுகு கூனி, தலையை முன்னே நீட்டி நடந்த ஓர் உருவமாக அவனைத் தீட்டிக் காட்டினார். அவ்வுருவமே அவ்வினம் முழுமைக்கும் உரியதாக நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. 1957ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ், கேவ் என்னும் இருவர் அதே எலும்புகளை மீண்டும் ஆராய்ந்தனர். அம்மனிதனின் முதுகெலும்பில் மூட்டுநோய் கடுமையாக முற்றியிருந்ததென்றும், நோயற்ற நியாண்டர்தால் மனிதன் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்திருப்பான் என்றும் அவர்கள் எழுதினர். முதுகு தேய்ந்த ஒரு முதியவனைக் கொண்டு ஓர் இனத்தையே கூனாக்கி விட்டனர் நம் அறிஞர் பெருமக்கள்!

மூட்டுத் தேய்மானம் நாற்காலியும் மோட்டார் வண்டியும் தந்த புதுநோய் என்று மேடைகளில் பேசுவோர் இவ்வெலும்புக்கூட்டை நினைத்துக் கொள்வது நலம். நோய் பழமையானது. அதற்கு மனிதன் சொன்ன மறுமொழிகளே காலந்தோறும் மாறி வந்துள்ளன. மருந்துகளும் அறுவையும் ஒருபுறமிருக்க, உடலைக் கொண்டே உடலைப் பேணும் வழிகளில் இரண்டு கட்சிகள் இருந்து வந்தன. வலிக்கும் உறுப்பைக் கட்டிலில் கிடத்து என்றது ஒன்று. அதனை அளவறிந்து இயக்கு என்றது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடந்த நெடிய வழக்கே இக்கட்டுரையின் பொருள்.

வழக்கிற்குள் புகுமுன், உடற்கூறு பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். மூட்டில் எலும்பின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் இருக்கும் நீரிலிருந்தே அது உணவு பெறுகிறது. நடக்கும்போது அமுங்குவதும், காலைத் தூக்கும்போது விரிவதுமாக, கடற்பஞ்சு போல அந்நீரை அது வாங்கியும் விட்டும் வாழ்கிறது. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையே அமைந்துள்ள தட்டுகளும் அவ்வாறே. பெரும்பாலும் இரத்தக் குழாயற்ற அவை, அண்டையிலுள்ள எலும்பிலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தை நம்பியுள்ளன. பகலெல்லாம் நின்று உழைத்தபின் அத்தட்டுகள் நீரிழந்து சற்றே சப்பையாகின்றன; இரவில் படுத்திருக்கும்போது மீண்டும் நீரேற்று உப்புகின்றன. காலையில் எழுந்தவுடன் அளந்தால் நாம் மாலையைக் காட்டிலும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு உயர்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே. வயது ஏற ஏற நீரை ஈர்த்து வைக்கும் திறன் தட்டுகளுக்குக் குறைகிறது.

மொழியாசிரியர் என்ற முறையில் ஈண்டு ஒன்று கூற விழைகின்றேன். 'தேய்மானம்' என்னும் நம் சொல் மாட்டுவண்டியின் அச்சாணியை நினைவூட்டும் சொல். ஓடினால் தேயும், நிறுத்தினால் எஞ்சும் என்ற எண்ணம் அச்சொல்லோடு ஒட்டியே வருகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் தொடரும் இத்தகையதே. ஆனால் அச்சாணிக்கு உயிரில்லை, மூட்டுக்கு உண்டு. பயன்படுத்தாத அச்சாணி அப்படியே இருக்கும். பயன்படுத்தாத மூட்டைத் தாங்கும் தசை சில வாரங்களிலேயே மெலிந்து விடும். முழங்கால் வலிக்கு அஞ்சி நாற்காலியிலேயே வாழ்வைக் கழித்த எத்தனையோ பாட்டிமாரை முடக்கியதில் நோய்க்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இச்சொல்லுக்கும் உண்டு என்பது என் எண்ணம்.

கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களுள் மூட்டுகளைப் பற்றியதும் ஒன்று. அளவாகப் பயன்படும் உறுப்புகள் நலமுற்று மெல்லவே முதுமையடையும் என்றும், பயன்படாது கிடப்பவை நோய்க்கு இடமாகி விரைவில் முதுமையடையும் என்றும் பொருள்படும் பகுதி அதில் உள்ளது. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கூற்று இது! அதே நூலில் முதுகை நிமிர்த்தும் இழுவைப் பலகையும் விளக்கப்பட்டுள்ளது. நோயாளியைக் குப்புறக் கிடத்தி, தோட்புறமும் இடுப்புப்புறமும் வார்களால் கட்டி எதிரெதிரே இழுக்கும் முறை அது. நோயாளியை ஏணியில் தலைகீழாகக் கட்டி உயரத்திலிருந்து விழவைத்துக் குலுக்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. அவ்வழக்கம் எவர் முதுகையும் நிமிர்த்தவில்லை என்றும், கூட்டத்தை வாய் பிளக்க வைப்பதற்கே மருத்துவர் சிலர் அதனைச் செய்கின்றனர் என்றும் நூலாசிரியர் கடிந்துரைக்கிறார்.

பாரத நாட்டில் இந்நோய் காற்றோடு இணைத்துப் பேசப்பட்டது. சரகர் பெயரால் வழங்கும் வடமொழி நூல், மூட்டில் வாதம் தங்கினால் தொடுவதற்குக் காற்றடைத்த தோற்பை போல வீக்கம் தோன்றும் என்றும், நீட்டவும் மடக்கவும் வலிக்கும் என்றும் கூறுகிறது. வீங்கிய முழங்காலைத் தொட்டுப் பார்த்தவரே இவ்வாறு எழுத இயலும். தமிழ்ச் சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணி வாத நோய்களை எண்பதாகப் பகுக்கிறது. மூட்டுத் தேய்மானத்தை அழல்கீல்வாயு என்றும், கழுத்தெலும்புத் தேய்மானத்தைச் செகனவாதம் என்றும் சித்த மருத்துவர் இன்றும் வழங்குவர். ஒற்றடமும், எண்ணெய் பூசிப் பிடித்துவிடும் தொக்கணமும் அவர்கள் கையாண்ட புறமருத்துவங்கள். தொக்கணத்தை ஒன்பது வகையாக அவர்கள் பிரித்துள்ளனர். முடக்கை அறுப்பது எனப் பொருள்படும் முடக்கற்றான் கொடியோ, இன்று முடக்கத்தான் தோசையாகவும் இரசமாகவும் நம் இல்லங்களில் வாழ்கிறது.

மேலைநாட்டில் இயக்கக் கட்சிக்கு உரம் ஊட்டியவர் சுவீடன் நாட்டுப் பெர் ஹென்ரிக் லிங் (1776–1839). அவர் வாட்போர் ஆசிரியர், கவிஞரும் கூட. தம் கையை வாட்டிய வலி வாட்பயிற்சியால் தணிந்ததைக் கண்டு, அசைவே மருந்தாகலாம் என்ற முடிவுக்கு அவர் வந்தார் என்பர். 1813இல் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக்கென அரசு நிறுவனம் ஒன்றை அவர் தோற்றுவித்தார். மருத்துவர்கள் முதலில் எள்ளினர். ஆயினும் அங்குப் பயின்றோர் ஐரோப்பா எங்கும் பரவினர். 1865இல் குஸ்தாவ் சாண்டர் என்னும் மருத்துவர் அதே நகரில் பொறிகளைக் கொண்டு பயிற்சி தரும் நிலையத்தைத் திறந்தார். இன்று அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் காணும் பயிற்சிக் கூடங்களின் மூதாதை அந்நிலையம். 1894இல் இலண்டன் செவிலியர் நால்வர் தொடங்கிய சங்கமே பின்னாளில் பிரிட்டனின் இயன்மருத்துவர் அமைப்பாக வளர்ந்தது.

இவ்வளவு நடந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிலே வென்றது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. எலும்பையும் மூட்டையும் அரிக்கும் காசநோய் அன்று மிகுதி. அதற்கு மருந்தில்லை. முதுகெலும்பைக் காசம் தாக்கிய குழந்தைகளை மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், அசையாது கிடத்தினர். ஜான் ஹில்டன் என்னும் அறுவை மருத்துவர் ஓய்வின் மருத்துவப் பயனைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் 1863இல் நூலாயின. லிவர்பூல் நகரத்து ஹ்யூ ஓவன் தாமஸ் (1834–1891), வற்புறுத்தப்பட்ட, இடையறாத, நீண்ட ஓய்வையே தம் கொள்கையாகக் கொண்டார்.

இந்தத் தாமஸின் குடும்பக் கதை சுவையானது. அவர் தந்தையும் பாட்டனாரும் பட்டம் பெறாத நாட்டு எலும்பு வைத்தியர்கள். புத்தூர்க் கட்டுக்குப் பெயர்போன குடும்பங்களைப் போல வேல்ஸ் நாட்டில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிய குடும்பம் அது. மகன் முறையாக மருத்துவம் பயின்று ஓய்வின் தூதரானார். ஏறத்தாழ அதே காலத்தில், 1867இல், புகழ்பெற்ற மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், நாட்டு எலும்பு வைத்தியர் குணப்படுத்தும் நோய்களைப் பற்றி ஒரு விரிவுரை ஆற்றினார். மருத்துவர் கட்டிப்போட்டு விறைத்துப் போன மூட்டுகளை அந்நாட்டு வைத்தியர்கள் அசைத்து விடுவித்தனர். அவர்களிடம் உள்ள நல்லதைக் கற்றுத் தீயதைத் தள்ளுங்கள் என்பது அவர் அறிவுரையின் சாரம். படித்தவர் கட்டினர், படியாதவர் அவிழ்த்தனர்! பேஜட்டின் பேச்சைக் கேட்டோர் பலர்; கைக்கொண்டோர் சிலரே.

காசத்திற்கென வகுத்த ஓய்வு, காசமில்லாத முதுகுவலிக்கும் மெல்ல மெல்லப் பரவியது. 1934ஆம் ஆண்டு பாஸ்டன் நகர மருத்துவர் மிக்ஸ்டரும் பாரும், முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் காலில் இறங்கும் வலி உண்டாகலாம் எனக் காட்டினர். அரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் அதன்பின் முதுகுவலி எதுவாயினும் 'தட்டு விலகிவிட்டது' என்ற ஒரே விடை கூறப்பட்டது. விலகியது தானே சேரட்டும் என்று வாரக்கணக்கில் மரப்பலகைமேல் படுக்கச் சொன்னார்கள். நம் நாட்டிலும் அந்தப் பலகை இல்லாத வீடுகள் குறைவே. எலும்பும் தட்டும் கதவின் கீல்போல் விலகுவதும் சேர்வதும் இல்லை என்பதை எடுத்துரைத்தவர் அரியர்.

ஓய்வின் ஆட்சியை முதலில் அசைத்த குரல்களுள் ஒன்று, இலண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷருடையது. படுக்கைக்குப் போவதால் விளையும் கேடுகள் பற்றி 1947இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரை, தசை மெலிவதையும் மூட்டு விறைப்பதையும் மனம் சோர்வதையும் நகைச்சுவையோடு எடுத்துக்காட்டியது. 1969இல் ஸ்டாக்ஹோம் அருகே இயன்மருத்துவர் மரியான் சாக்ரிசன்-போர்செல் 'முதுகுப் பள்ளி' ஒன்றைத் தொடங்கினார். முதுகு எவ்வாறு அமைந்துள்ளது, பொருளை எவ்வாறு தூக்குவது என்பவற்றை நோயாளிகளுக்குச் சில பாடங்களில் கற்பித்தது அப்பள்ளி. நோயாளி மாணவராக அமர்ந்த அந்த வகுப்பறை, ஆசிரியராகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

பின்னர் ஓய்வு தான் பிறந்த வீட்டிலேயே தோற்றது. முதுகெலும்புக் காசம் கண்ட கொரிய நோயாளிகளிடையே, மருந்துடன் ஆறு மாதம் படுக்கையில் வைத்திருந்தோரையும், அதே மருந்துடன் தொடக்கத்திலிருந்தே நடமாட விட்டோரையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் குழு ஒப்பிட்டது. 1973இல் வெளியான முடிவின்படி, படுக்கை எந்த நன்மையையும் கூடுதலாகத் தரவில்லை. காசத்தை வென்றது மருந்து.

சாதாரண முதுகுவலியைப் பற்றிய தீர்ப்பு 1986இல் வந்தது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ரிச்சர்ட் டேயோவும் துணைவரும் 203 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்கு இரண்டு நாளும் மற்றொரு சாராருக்கு ஏழு நாளும் படுக்கை ஓய்வு விதித்தனர். இரண்டு நாள் விதிக்கப்பட்டோர் வேலைக்குச் செல்லாத நாள்கள் 45 விழுக்காடு குறைந்தன. நலத்தில் வேறுபாடு இல்லை. 1995இல் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர் 186 பேரை வைத்து நடந்த ஆய்வு அதனினும் துணிவானது. இரண்டு நாள் படுத்தோர், முதுகை வளைக்கும் பயிற்சி செய்தோர், வலி பொறுக்கும் அளவுக்கு அன்றாட வேலைகளைத் தொடர்ந்தோர் என மூன்று பிரிவு. மூன்றாம் பிரிவினரே விரைவில் தேறினர். புதிதாய்க் கண்ட வலியின் கடுமையில் பயிற்சி கூடப் பயன்தரவில்லை, வழக்கமான வாழ்வே மருந்தாயிற்று என்பதை நாம் கவனிக்க வேண்டும். பயிற்சியின் இடம் நாட்பட்ட வலியிலும், வலி தணிந்தபின் அது திரும்பாமல் காப்பதிலும் உள்ளது.

படம் பிடிக்கும் பொறிகளும் ஒரு பாடம் கற்பித்தன. முதுகுவலியே இல்லாத 98 பேரைக் காந்தப் பொறியில் படமெடுத்து 1994இல் வெளியிட்டபோது, அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. 2015இல் பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தனர். வலியற்ற இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் தட்டுத் தேய்மானம் இருந்தது. படத்தில் தெரியும் தேய்மானம் பெரும்பாலும் தலையின் நரை போன்றது. 'உங்கள் முதுகு எண்பது வயதுக்காரரின் முதுகு' என்று நாற்பது வயதினரிடம் படத்தைக் காட்டிக் கூறும் மருத்துவர், அறியாமலே அவரைக் கட்டிலுக்கு அனுப்புகிறார்.

இயக்கத்தின் புகழைப் பாடும்போது உழைப்பாளியை மறந்துவிடலாகாது. 1952இல் கெல்கிரன், லாரன்ஸ் என்னும் இருவர் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் படமெடுத்து ஆராய்ந்தபோது, பிற தொழிலினரைக் காட்டிலும் அவர்களின் இடுப்பெலும்புத் தட்டுகளும் முழங்கால்களும் மிகுதியாகத் தேய்ந்திருக்கக் கண்டனர். காண்டாவைத் தோளில் சுமந்து இருபுறமும் பால்வாளி தொங்க மேடும் பள்ளமும் நடந்த நம் தோட்டத் தொழிலாளரிடம் சென்று, "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்றால் அவர்கள் சிரிப்பார்கள், சிரிப்பது நியாயமே. அவர்களுக்கு வேண்டியது சுமைக்குறைப்பு. எனினும் உழைப்பு மட்டுமே காரணம் என்றும் சொல்வதற்கில்லை. பின்லாந்தில் 115 இணை ஒத்த இரட்டையர்களை ஒப்பிட்டு 1995இல் வெளியான ஆய்வு, தட்டுத் தேய்மானத்தில் தொழிற்சுமையைக் காட்டிலும் பிறவிக் கூறுகளுக்கே பங்கு பெரிதெனக் காட்டியது. நோய்க்குத் தம் முன்வினையையோ கவனக்குறைவையோ நொந்து கொள்வோர்க்கு இது ஓரளவு ஆறுதல்.

முழங்காலைப் பொறுத்தவரை உடல் எடை முதன்மையான செய்தி. அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகர மக்களை நெடுங்காலம் தொடர்ந்து கண்காணித்த ஆய்விலிருந்து 1992இல் வெளியான கணக்கின்படி, பத்தாண்டுகளில் ஐந்து கிலோ அளவு எடை குறைந்த பெண்களுக்கு வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் தோன்றும் வாய்ப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால்மீது ஏறும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்பது 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு. தேத்தாரேக்கில் ஊற்றும் கெட்டிப்பாலை நிறுத்துவது, கடையில் வாங்கும் மாத்திரையைக் காட்டிலும் முழங்காலுக்கு உதவக்கூடும். பலர் நம்பி விழுங்கும் குளுக்கோசமைன் மாத்திரை, 1,583 பேரிடம் நடத்தப்பட்டு 2006இல் வெளியான பெரிய ஆய்வில், மொத்தத்தில் வெற்று மாத்திரையை வெல்லவில்லை.

தைலங்களைப் பற்றி ஒரு சொல். 1928இல் சிங்கப்பூரில் தோன்றிய கோடாலித் தைலம் தமிழ்நாட்டுக் கிராமம் வரை பயணப்பெட்டியில் சென்ற வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. கற்பூரமும் மெந்தாலும் தோலில் தரும் குளிர்ச்சியும் எரிச்சலும் வலியுணர்வைச் சற்று மறக்கச் செய்கின்றன. தேய்ந்ததை அவை வளர்ப்பதில்லை. மறந்த அந்த ஒரு மணி நேரத்தில் எழுந்து நடப்பவர்க்குத் தைலம் நண்பன். பூசிக்கொண்டு படுப்பவர்க்கு அது வெறும் மணம். முடக்கற்றானையும் ஒற்றடத்தையும் நான் இவ்வாறே மதிக்கிறேன். வைத்தியரிடம் வாங்கும் பெயரறியாப் பொடிகள் வேறு கதை. அவற்றுள் சிலவற்றில் வீக்கத்தை அடக்கும் ஆங்கில மருந்துகள் கலக்கப்பட்டிருந்தது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. உடனே தீரும் வலியே ஐயத்திற்குரியது.

இயற்கை வழி எல்லா நோய்க்கும் வழியன்று. சிறுநீர் மலம் அடங்காமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப் போதல், காலில் வலிமை குன்றிக் கொண்டே வருதல், காய்ச்சலுடனோ எடைக் குறைவுடனோ கூடிய முதுகுவலி, விழுந்தபின் தோன்றும் கடுவலி ஆகியவற்றுக்கு நடையும் எண்ணெயும் தேடிக் காலம் கடத்தலாகாது. மருத்துவமனைக்கு அன்றே செல்லவேண்டும்.

எந்தப் பயிற்சி உயர்ந்தது என்னும் வினா நம்மவரிடையே அடிக்கடி எழும். யோகமே என்பார் நம் சங்கங்களில் பலர். 2011இல் 228 பேரிடம் நடந்த ஆய்வில், யோகம் பயின்றோரும் எளிய நீட்டல் பயிற்சி செய்தோரும் ஒரே அளவில் நலம் பெற்றனர். புத்தகத்தை மட்டும் பெற்றுச் சென்றோரைக் காட்டிலும் இரு சாராரும் மேலாயினர். முழங்கால் தேய்மானம் கொண்ட 204 பேரிடம் சீனரின் தைச்சி அசைவுகளை இயன்மருத்துவத்தோடு ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. அங்கும் இரண்டும் சமமே. ஆகவே கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் விடியற்காலைப் பூங்காக்களில் தைச்சி பழகும் சீனப் பாட்டியும், சூரிய வணக்கம் செய்யும் தமிழாசிரியரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக் கொள்ளலாம். பிடித்ததைத் தொடர்ந்து செய்பவரே பயனடைகிறார்.

உலக நலவாழ்வு நிறுவனம் நாட்பட்ட இடுப்புவலிக்கான தன் முதல் வழிகாட்டியை 2023 டிசம்பரில் வெளியிட்டது. நோயைப் பற்றிய கல்வி, உடற்பயிற்சி, மனத்தைப் பழக்கும் மருத்துவம் ஆகியவற்றை அது பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையும் இழுவையும் வேண்டா எனத் தள்ளியவற்றுள் அடங்கும். ஹிப்போகிரட்டீசின் பலகை ஒருவழியாக ஓய்வு பெற்றது. அடுத்த ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவும் வந்தது. இடுப்புவலியிலிருந்து தேறியவர்களுள் ஒரு பகுதியினருக்கு இயன்மருத்துவரின் துணையோடு படிப்படியாக நடைப்பழக்கம் கற்பித்தனர். மற்றவர்களை அவர்கள் போக்கில் விட்டனர். வலி திரும்பி வருவதற்கு நடவாதவர்க்கு நடுக்கணக்கில் 112 நாள்கள் ஆயின. நடந்தவர்க்கு 208 நாள்கள்.